ஆறாம் மாதத்தில் சந்திக்கும் இரண்டு சேவைகள்

வளரும் நாடுகளில் பெண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவையையும் ஊட்டச்சத்துச் சேவையையும் ஒன்றாக வழங்கினால் உண்மையில் பயன் உண்டா, அல்லது ஏற்கெனவே சுமை தாங்காத சுகாதாரப் பணியாளரின் தலையில் இன்னொரு வேலையை ஏற்றி, இரண்டையுமே அரைகுறையாக்கிவிடுவோமா என்பது கேள்வி. பயன் உண்டு என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் அந்தப் பயன் இரண்டு துறைகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவதால் கிடைப்பதில்லை. ஒரு தாய் தன் குழந்தையோடு சுகாதாரப் பணியாளரின் முன் உட்காரும் குறிப்பிட்ட சில நாள்களில், அவளுடைய உணவைப் பற்றியும் அடுத்த கர்ப்பத்தைப் பற்றியும் ஒரே மூச்சில் பேச முடிந்தால்தான் கிடைக்கிறது. அந்த நாள்களில் மிக முக்கியமானது குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும் நாள்.

இந்த இரண்டும் வெவ்வேறு விஷயங்கள் என்ற எண்ணம் அலுவலகங்களில் உருவானது. தாய்மார்களிடம் அது ஒருபோதும் இருந்ததில்லை. தமிழில் 'சவலைப் பிள்ளை' என்ற சொல் வழங்குகிறது. கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் மறுபடியும் கருவுற்றுவிட, பால் மறந்து, மெலிந்து, நோஞ்சானாகிப் போகும் குழந்தையை அப்படிச் சொல்வார்கள். அன்றைய கோல்ட் கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், 1930களில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், கைகால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறிய குழந்தைகளைப் பார்த்தார். அங்குள்ள கா மொழி பேசும் தாய்மார்கள் அந்த நோய்க்கு வைத்திருந்த பெயரையே அவர் 1935இல் மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னார். அதுதான் 'குவாஷியோர்கர்'. அடுத்த குழந்தை வந்ததும் தாயின் மடியில் இடமிழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். அந்த நோயின் காரணம் வெறும் புரதக் குறைபாடு மட்டுமல்ல, அதைவிடச் சிக்கலானது என்று பின்னர் தெரியவந்தது. ஆனால் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள், பிரசவ இடைவெளியையும் குழந்தையின் மெலிவையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்திருக்கின்றன. இதற்கு மேல் வலுவான சாட்சியத்தை நான் தேட மாட்டேன்.

குழந்தையின் நிலை இப்படியென்றால், தாயின் உடலில் நடப்பது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாக ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவைப்படுகிறது. சாதாரண நாள்களில் உணவிலிருந்து உடல் உறிஞ்சிக்கொள்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். கர்ப்ப காலத்தில் உறிஞ்சும் திறன் கூடுகிறது என்றாலும், சேமிப்பே இல்லாமல் கர்ப்பத்துக்குள் நுழையும் பெண்ணுக்கு அது ஈடுகட்டாது. பிரசவத்தின்போது இரத்தம் இழந்து, பிறகு நாளொன்றுக்குச் சுமார் 500 கிலோகலோரியைப் பாலாகக் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய், தன் உடலில் போனதை மீட்டுக்கொள்ளத் தேவையானவை இரண்டு: உணவும் காலமும். உணவை ஊட்டச்சத்துத் திட்டம் கொடுக்கிறது. காலத்தைக் கொடுப்பது குடும்பக் கட்டுப்பாடு. ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு மற்றொன்றை மறந்தால், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து ஏற்றிய இரத்தத்தை ஓராண்டுக்குள் வரும் அடுத்த கர்ப்பம் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

உயிரோடு குழந்தை பிறந்த பிறகு, அடுத்த கர்ப்பத்துக்கு முயலக் குறைந்தது 24 மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்றும், கருச்சிதைவுக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் கூட்டிய நிபுணர் கலந்தாய்வு பரிந்துரைத்தது. 24 மாதம் என்பது இரண்டு பிரசவங்களுக்கு இடையிலான காலம் அல்ல. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுறுதலுக்கும் இடையிலான காலம். பயிற்சி வகுப்புகளில்கூட இது அடிக்கடி குழம்பிப்போகிறது. ஒன்பது மாதங்களைச் சேர்த்தால், இரு குழந்தைகளின் வயது வித்தியாசம் ஏறத்தாழ மூன்றாண்டை நெருங்கும்.

இந்தச் சான்றுகளின் எல்லையையும் சொல்லிவிடுவது நேர்மை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளிவந்த பகுப்பாய்வு ஒன்று, 18 மாதங்களுக்கும் குறைவான இடைவெளியில் கருவுறும்போது குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தைகளும் அதிகமாவதைக் காட்டியது. அடுத்தடுத்துப் பிள்ளை பெறும் குடும்பங்கள் பெரும்பாலும் வறுமையிலும் இருக்கின்றன. அப்படியானால் பாதிப்பு இடைவெளியால் வந்ததா, வறுமையால் வந்ததா என்று கேட்பது நியாயமே. ஒரே தாய்க்குப் பிறந்த குழந்தைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு ஆஸ்திரேலியாவில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், இந்த விளைவு முன்பு நினைத்ததைவிட மிகவும் சிறியதாகத் தெரிந்தது. ஆனால் அதே முறையில் வளரும் நாடுகள் பலவற்றின் தரவுகளை ஆராய்ந்தபோது, குறுகிய இடைவெளி சிசு மரணத்தைக் கூட்டுவது தெளிவாகத் தெரிந்தது. நாடு எவ்வளவு பின்தங்கியிருந்ததோ அவ்வளவுக்கு அந்த விளைவு பெரிதாக இருந்தது. நன்றாகச் சாப்பிடும் பெண்ணின் உடல் குறுகிய இடைவெளியைச் சமாளித்துக்கொள்கிறது. சாப்பாடு போதாத பெண்ணின் உடலால் முடிவதில்லை. இரண்டு சேவைகளும் ஏன் ஒன்றாக, அதுவும் ஏழை நாடுகளில், தேவை என்பதற்கு இதுவே விளக்கம்.

எண்ணிக்கையைப் பார்த்தாலும் இரண்டு தேவைகளும் பெரும்பாலும் ஒரே ஊர்களில், ஒரே வீடுகளில் இருக்கின்றன. 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு, அதாவது உலகளவில் 50 கோடிக்கும் மேற்பட்டோருக்கு, இரத்தசோகை இருப்பதாக 2019ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு கூறுகிறது. அதே ஆண்டில், கர்ப்பத்தைத் தவிர்க்க விரும்பியும் நவீனக் கருத்தடை முறை எதையும் பயன்படுத்தாத பெண்கள், குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் மட்டும் சுமார் 21.8 கோடி.

இனி ஆறாம் மாதத்துக்கு வருகிறேன். 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய ஆய்வாளர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல் இருக்க வேண்டும், தாய்க்கு மாதவிடாய் திரும்பாமல் இருக்க வேண்டும், குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே, அல்லது ஏறக்குறைய அது மட்டுமே கொடுத்துவர வேண்டும். இந்த மூன்றும் ஒருசேர இருக்கும்வரை, அவள் கருவுறாமல் இருக்கும் வாய்ப்பு 98 விழுக்காடு. தாய்ப்பால் வழி கருத்தடை என்று இதைச் சொல்கிறோம். முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும் என்று ஊட்டச்சத்துப் பணியாளர் வற்புறுத்துவதும் இதையேதான். ஒரே அறிவுரை, குழந்தைக்கு உணவாகவும் தாய்க்குக் கருத்தடையாகவும் வேலை செய்கிறது. இவ்வளவு செலவில்லாத கருத்தடை முறை வேறில்லை.

ஆனால் இந்த முறைக்குக் கெடு உண்டு. ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவைத் தொடங்கச் சொல்கிறோம், தொடங்கத்தான் வேண்டும். அதே நாளில் தாய்ப்பால் தந்த பாதுகாப்பும் முடிந்துவிடுகிறது. மாதவிடாய் இன்னும் வரவில்லையே என்று தாய் நிம்மதியாக இருப்பாள். ஆனால் முதல் மாதவிடாய்க்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடக்கூடும் என்பதை அவளிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த நாளைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். ஒரு தாய் குழந்தையை எடைத் தராசில் தொங்கவிடுகிறாள். பணியாளர் எடையைப் படித்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்து, முந்தைய மாதத்துப் புள்ளியோடு கோட்டை இணைக்கிறார். கோடு மேலே போகிறது. "நல்லா வளர்றான். இனிமே பாலோடு மசிச்ச சாப்பாடும் கொடுக்கத் தொடங்குங்க" என்கிறார். தாய் தலையாட்டிவிட்டுக் கிளம்புகிறாள். இந்தப் பேச்சில் குறை எதுவும் இல்லை, பாதியில் நின்றுபோனதைத் தவிர. "இதுவரைக்கும் தாய்ப்பாலே உங்களுக்குப் பாதுகாப்பா இருந்துச்சு. இனிமே அது போதாது. அடுத்த குழந்தையைப் பத்தி என்ன யோசிச்சிருக்கீங்க?" என்ற மூன்று வாக்கியங்களைச் சேர்க்க ஒரு நிமிடம்தான் ஆகும். அந்தத் தாய் அடுத்து இதே பணியாளரிடம் வருவது இன்னொரு கர்ப்பத்தோடாக இருக்குமா, இல்லையா என்பது பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தைப் பொறுத்தது.

கருத்தடை முறையைத் தேர்ந்தெடுப்பதிலும் ஊட்டச்சத்து நிலைக்குப் பங்கு உண்டு. கருப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டி நம்பகமானது, நீண்ட காலம் பலன் தருவது; ஆனால் பல பெண்களுக்கு மாதவிடாய் இரத்தப்போக்கை அது கூட்டுகிறது. இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அது கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்லவில்லை. பொதுவாகப் பயன்படுத்தலாம் என்றே சொல்கிறது. ஆனால் அதைப் பொருத்துபவரிடமே இரும்புச்சத்து மாத்திரையும், ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கும் வசதியும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டும் இரண்டு கட்டடங்களில் இருந்தால், இரத்தப்போக்கு கூடி, உடல் சோர்ந்து, சில மாதங்களில் அதை எடுத்துவிடச் சொல்லி அவள் திரும்பி வருவாள். பக்கத்து வீட்டுப் பெண்களிடமும் சொல்வாள். ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனம், கருத்தடை மாத்திரை போன்றவை இரத்தப்போக்கைக் குறைப்பதால், இரத்தசோகைக்கு மறைமுகமான மருந்தாகவும் உதவுகின்றன. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரையைப் பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு வாரங்களில் கொடுக்கவே கூடாது. ஆறு மாதம் வரை பொதுவாகத் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஆக, இந்த மாத்திரையின் கதவும் ஆறாம் மாதத்தில்தான் திறக்கிறது.

அந்த மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் நம் கேள்விக்கு ஒரு பழைய பதில் கிடைக்கும். அரசுத் திட்டங்களில் வழங்கப்படும் அட்டைகள் பலவற்றில் 28 மாத்திரைகள் இருக்கும். அவற்றில் 21 மட்டுமே ஹார்மோன் மாத்திரைகள். மீதமுள்ள ஏழும் வேறு நிறத்தில், கடைசி வரிசையில் இருக்கும். அவை இரும்புச்சத்து. நாள் தவறாமல் மாத்திரை போடும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக அந்த ஏழு நாள்களை வெறும் மாவு மாத்திரையால் நிரப்பியிருக்கலாம். யாரோ ஒருவர் யோசித்து, மாதவிடாய் வரும் அந்த வாரத்தில் இரும்புச்சத்தை வைத்தார். இரத்தசோகையைக் குணப்படுத்த அந்த ஏழு மாத்திரைகள் போதாது. இருந்தாலும் ஒரே அட்டைக்குள் இரண்டு சேவைகளையும் வைத்த அந்தச் சிந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன். வருத்தம் என்னவென்றால், அந்த ஏழும் என்ன என்று பெண்களுக்குச் சொல்லப்படாததால், 'நிறம் மாறியது தேவையில்லை' என்று பலர் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள்.

உணவும் கருத்தடையும் பெண்களின் மனத்தில் வேறொரு வகையிலும் பிணைந்திருக்கின்றன. கருத்தடை மாத்திரையும் கருத்தடை ஊசியும் 'சூடு', 'பலமான மருந்து', நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் அது ஒத்துக்கொள்ளும் என்ற அச்சம் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. தனக்கே சாப்பாடு போதவில்லை என்று அறிந்த பெண் கருத்தடையை மறுப்பதற்கு அவளளவில் வலுவான காரணம் இருக்கிறது. அதை அறியாமை என்று ஒதுக்குபவர் அவளை இழந்துவிடுவார். மாத்திரையைத் தாங்கத் தனி உணவு எதுவும் தேவையில்லை. ஆனால் அவளுக்கு உணவு தேவை என்பது உண்மை. இந்த இரண்டையும் ஒரே ஆள் சொல்லி, கையோடு ஊட்டச்சத்துக்கும் வழி செய்தால்தான் அந்த அச்சம் நீங்கும்.

பதின்வயதுப் பெண்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதற்குத் தனிப் பதிலே எழுத வேண்டும். குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களிடையே ஆண்டுக்கு ஏறத்தாழ 2.1 கோடி கர்ப்பங்கள் நிகழ்கின்றன. அவற்றில் பாதியளவு அவர்கள் விரும்பாமல் வந்தவை. தானே இன்னும் வளர்ந்து முடியாத உடலும் அதற்குள் வளரும் கருவும் ஒரே தட்டுச் சோற்றுக்குப் போட்டியிடுகின்றன. இந்த வயதில் முதல் கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவதே மிகச் சிறந்த ஊட்டச்சத்து நடவடிக்கை.

அடுத்து, கேள்வியின் இரண்டாம் பகுதி: இணைப்பதால் எல்லாம் கெட்டுப்போகுமா? தவறான இடத்தில் இணைத்தால் கெட்டுப்போகும். வங்கதேசத்தில் சுகாதாரமும் குடும்பக் கட்டுப்பாடும் ஒரே அமைச்சகத்துக்குள் இரண்டு தனிப் பிரிவுகளாக இயங்கிவந்தன. 1998இல் தொடங்கிய சீர்திருத்தத் திட்டம் கீழ்மட்டத்தில் அவற்றை ஒன்றாக்கியது. யார் யாருக்குக் கீழ் வேலை செய்வது, பதவி உயர்வு எப்படி என்ற சண்டைகள் கிளம்பின. 2003இல் பழையபடி பிரித்துவிட்டார்கள். அதே நாட்டின் சில்ஹெட் பகுதியில் வேறு வழியில் போனார்கள். ஏற்கெனவே வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளையும் பிறந்த குழந்தைகளையும் பார்த்துவந்த ஊர்ப் பணியாளர்களின் வருகையிலேயே தாய்ப்பால் வழி கருத்தடை பற்றியும் அதிலிருந்து வேறு முறைக்கு மாறுவது பற்றியும் பேச வைத்தார்கள். கருத்தடை முறைகளின் பயன்பாடு கூடியது. குறுகிய இடைவெளிப் பிரசவங்களும் குறைப்பிரசவங்களும் குறைந்தன. நாற்காலிகளை இணைத்தது ஐந்தாண்டில் கலைந்தது. வாசற்படியில் பேச்சை இணைத்தது பலன் கொடுத்தது.

இது புதிய யோசனையும் அல்ல. 1960களின் பிற்பகுதியிலேயே பொதுச் சுகாதார மருத்துவர் கார்ல் டெய்லரும் அவருடைய குழுவினரும் இந்தியாவின் பஞ்சாபில், நாரங்க்வால் என்ற ஊரை மையமாக வைத்து, தாய்சேய் நலம், ஊட்டச்சத்து, குடும்பக் கட்டுப்பாடு ஆகியவற்றை வெவ்வேறு சேர்க்கைகளில் வெவ்வேறு கிராமங்களுக்குக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1980களில் யுனிசெஃப் தன் குழந்தை உயிர்காப்பு இயக்கத்தோடு பெண் கல்வி, குழந்தைகளுக்கிடையே இடைவெளி, கூடுதல் உணவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பேசியது. ஆனால் நிதி வந்த வழிகள் தனித்தனியாகவே இருந்தன. குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் கொடுப்பவர் கருத்தடை பயன்படுத்துவோர் எண்ணிக்கையைக் கேட்கிறார். ஊட்டச்சத்துக்குக் கொடுப்பவர் குழந்தையின் உயரத்தையும் எடையையும் கேட்கிறார். பணியாளரின் கையில் இரண்டு பதிவேடுகள், இரண்டு மாதாந்தர அறிக்கைகள், இரண்டு பயிற்சிகள். அவருக்குச் சுமையாக இருப்பது பெரும்பாலும் இந்த இரட்டை எழுத்து வேலைதான். தாயிடம் கூடுதலாகப் பேசும் மூன்று வாக்கியங்கள் அல்ல. எனவே இணைப்பை வளர்ச்சிப் பதிவேட்டில் ஒரு கட்டத்தைக் கூட்டுவதிலிருந்து தொடங்குங்கள்: குழந்தையின் எடைக்குப் பக்கத்தில், தாய்க்கு மாதவிடாய் திரும்பிவிட்டதா, என்ன முறை பயன்படுத்துகிறாள் என்ற இரண்டு விவரங்கள். கேட்டுவிட்டு வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதால், மாத்திரையும் ஆணுறையுமாவது அதே மேசையில் இருக்க வேண்டும். மற்ற முறைகளுக்கு எங்கே, எந்த நாளில் போவது என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உணவு பெறுவதற்குக் கருத்தடையை ஒருபோதும் நிபந்தனையாக வைக்கக் கூடாது. இந்தியாவில் நெருக்கடி நிலையின்போது 1976–77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பின்னால் இருந்த மிரட்டல்களும் இலக்குகளும் மக்களின் நினைவில் பல பத்தாண்டுகள் நின்றன. பெருவில் 1990களின் பிற்பகுதியில் ஏழைப் பழங்குடிப் பெண்களுக்கு நடந்த கட்டாயக் கருத்தடைகளில், உணவு உதவியைக் காட்டி இணங்க வைத்ததாகவும் புகார்கள் பதிவாயின. பசித்திருப்பவளிடம் ஒரு கையில் சத்துமாவையும் மறு கையில் கருத்தடை ஊசியையும் நீட்டும்போது, நாம் நிபந்தனை சொல்லாவிட்டாலும் அவள் காதில் அது நிபந்தனையாகவே விழக்கூடும். ஆகவே, உணவு முதலில் கொடுக்கப்பட வேண்டும். அது அவளுக்கு உரியது என்று வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டும். அதன் பிறகே மற்றப் பேச்சு. கருத்தடை ஏற்றோர் எண்ணிக்கைக்கு இலக்கு வைக்கும் எந்த நிர்வாகமும் இந்த இணைப்பைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கடைசியாக, நடைமுறையில் உள்ள ஒரு தடையைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான வளரும் நாடுகளின் தடுப்பூசி அட்டவணையில் 6, 10, 14ஆம் வாரங்களுக்குப் பிறகு, ஒன்பதாம் மாதத் தட்டம்மைத் தடுப்பூசி வரை தாயை வரவழைக்கும் ஊசி எதுவும் இருந்ததில்லை. எந்த மாதத்தில் இரண்டு பேச்சும் மிகவும் தேவையோ, அந்த மாதம் அட்டவணையில் காலியாக இருந்தது. வைட்டமின் ஏ திரவத்தின் முதல் தவணையை ஆறு மாதம் நிறைந்ததும் கொடுக்கலாம் என்பதால், சில நாடுகள் அதை வைத்து ஆறாம் மாதச் சந்திப்பு ஒன்றை உருவாக்கின. 2019இல் மலேரியாத் தடுப்பூசியின் முன்னோட்டத் திட்டம் தொடங்கியபோது, கென்யாவும் கானாவும் அதன் முதல் தவணையை ஆறாம் மாதத்தில் வைத்தன. குவாஷியோர்கர் என்ற சொல்லைத் தந்த அதே கானாவில், அந்த வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் மருத்துவ நிலையத்துக்கு வர இப்போது ஒரு நாள் இருக்கிறது. அவள் ஊசிக்காகக் காத்திருக்கும் அந்த நேரத்தில், மசித்த உணவைப் பற்றியும் அடுத்த கர்ப்பத்தைப் பற்றியும் அவளோடு பேச ஓர் ஆளை அங்கே உட்கார வைக்கலாம்.